தக்காளியோட ருசி எங்க போச்சு?

இன்னிக்கு எபிசோட் தக்காளி பத்தி.

"அப்பல்லாம் ரெண்டு தக்காளி போட்டா ரசம் மணக்கும். இப்ப நாலு போட்டாலும் புளிப்பே ஏற மாட்டேங்குது." இந்த டயலாக்கைச் சொல்லாத அம்மா, பாட்டி, பெரியம்மா யாராவது உங்க வீட்டுல இருக்காங்களா? நாம என்ன பண்ணுவோம், "ஆமா, அந்தக் காலத்துல எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு ஃபோனை நோண்டப் போயிடுவோம். அந்தக் காலத்து ஏக்கத்துல பாதி ஞாபகம் பண்ற வேலைங்கறது பொதுவா சரிதான். ஆனா தக்காளி விஷயத்துல லேப்ல வச்சு அளந்தே பாத்துட்டாங்க. ருசி உண்மையாவே குறைஞ்சிருக்கு. எந்தெந்த வேதிப்பொருள் குறைஞ்சிருக்குன்னு லிஸ்ட்டே இருக்கு.

சரி, அதைக் குறைச்சது யாரு? வில்லனைத் தேடினீங்கன்னா ஏமாந்து போவீங்க. ருசியைக் குறைக்கணும்னு யாரும் மீட்டிங் போட்டு முடிவெடுக்கல. நம்ம வேலையில இருக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். எந்த ஃபீச்சருக்கு யாரும் டெஸ்ட் எழுதலையோ, அது ஒரு நாள் சத்தமில்லாம உடைஞ்சிருக்கும். ஒவ்வொரு ரிலீஸ்லயும் எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டும், எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். தக்காளிக்கு நூறு வருஷத்துக்கு மேலயே விளைச்சல், அளவு, வடிவம், நிறம், கெட்டித்தன்மைன்னு டெஸ்ட் இருந்துச்சு. ருசிக்கு மட்டும் இல்ல.

கதை பெரும்பாலும் அமெரிக்காவுல நடக்குது. தக்காளிய மெஷினுக்கும் லாரிக்கும் ஏத்த சரக்கா மாத்துறதுல அங்க நடந்த ஆராய்ச்சி ரொம்பப் பெரிசு, ஒவ்வொரு படியும் எழுத்துல பதிவாகியிருக்கு. கடைசியா கோயம்பேட்டுக்கு வருவோம்.

முதல்ல பூர்வீகம். தக்காளியோட காட்டு மூதாதை தென் அமெரிக்காவோட மேற்குக் கரை, பெரு, ஈக்வடார் பக்கம். பழம் சுண்டைக்காய் சைஸ்தான் இருக்கும். அதைப் பெரிய பழமா வளர்த்தெடுத்தது மெக்சிகோ வரைக்கும் இருந்த பழங்குடி விவசாயிகள். 16ஆம் நூற்றாண்டுல ஸ்பானியர்கள் மூலமா அது ஐரோப்பாவுக்குப் போச்சு, ஐரோப்பியர்கள் மூலமா நம்மகிட்ட வந்துச்சு. பழைய தமிழ் அகராதியில இதுக்குப் பேரு 'சீமைத் தக்காளி'. அதாவது வெளிநாட்டுச் சரக்கு. தக்காளிங்கற பேரு மட்டும் இங்க ஏற்கெனவே வேற செடிகளுக்கு இருந்துச்சு, மணத்தக்காளியில இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அன்னிக்கு சீமைத் தக்காளி, இன்னிக்கு நாட்டுத் தக்காளி! இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பெயர் மாற்றம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தக்காளி பெருசா இருந்தாலும் கோணல்மாணலா, மடிப்பு மடிப்பா இருந்துச்சு. ஒஹாயோ மாநிலத்துல விதை வியாபாரம் பண்ணிட்டிருந்த அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து, 1870ல 'பாரகன்'னு ஒரு ரகம் கொண்டுவந்தார். வழவழப்பு, ஒரே மாதிரி உருண்டை. இன்னிக்கு நாம எமோஜியில பாக்குற தக்காளி வடிவத்துக்கு இவருக்குத்தான் நன்றி சொல்லணும். இது வரைக்கும் பெரிய இழப்பு எதுவும் இல்ல. உருண்டையா இருந்தா நறுக்க ஈஸி, பெட்டியில அடுக்கவும் ஈஸி.

அடுத்து வர்றதுதான் என்னைத் தூங்கவிடாத கதை.

நாட்டுத் தக்காளி காயா இருக்கும்போது பாத்திருக்கீங்களா? காம்பைச் சுத்தி மேல் பக்கம் கரும்பச்சையா, கீழ வெளிர்பச்சையா இருக்கும். அந்த மேல் பகுதிக்கு 'பச்சைத் தோள்'னு பேரு. பழுத்த பிறகும் சில சமயம் அங்க பச்சையோ மஞ்சளோ நிக்கும். விவசாயிக்கு இது தலைவலி. எது பறிக்கிற பக்குவம்னு தெரியாது, கடைக்குப் போனா திட்டுத்திட்டா இருக்குன்னு கழிப்பாங்க. அப்பதான் காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையா இருக்கிற ஒரு இயற்கைத் திரிபு கண்ணுல பட்டுச்சு. பழுத்தா மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே சிவப்பு. ரகம் உருவாக்குறவங்க அதை விட்டுடுவாங்களா? சுமார் 70 வருஷமா உலகம் பூரா வணிக ரகங்கள்ல இதைச் சேத்துக்கிட்டே வந்தாங்க. பக்குவம் பாக்க ஈஸி, பாக்கவும் அழகு. எல்லா டெஸ்ட்டும் பாஸ்.

2012ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல ஆன் பவல் குழுவும், கார்னெல், ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அந்தத் திரிபு என்னன்னு 'சயின்ஸ்' இதழ்ல வெளியிட்டாங்க. காயில பச்சையத்தை வளர்க்கிற ஒரு ஜீன் இருக்கு. அதுல ஒரே ஒரு எழுத்து, ஒரு 'ஏ', கூடுதலா நுழைஞ்சிருக்கு. டிஎன்ஏவை மூணு மூணு எழுத்தாப் படிக்கணும்ல? ஒரு எழுத்து கூடினதும் அதுக்கப்புறம் வர்ற எல்லாம் தப்புத்தப்பாப் படிக்கப்படுது, பாதியிலயே 'நிறுத்து'ன்னு சிக்னல் வந்துடுது. கோடு எழுதுறவங்களே, ஒரு எக்ஸ்ட்ரா கேரக்டரால மொத்த ஃபைலும் பார்ஸ் ஆகாம நின்னுபோனது ஞாபகம் வருதா? அதேதான்.

அந்த ஜீன் வேலை செய்யலைன்னா என்ன ஆகும்? காயோட பச்சையமும் வெயிலை வாங்கி சர்க்கரை பண்ணும். தக்காளியோட சர்க்கரையில பெரும்பங்கு இலையிலிருந்து வந்தாலும், காயும் தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சேர்க்குது. அந்தப் பங்கு அடிவாங்குது. பழத்தோட நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகளும் குறையுது, சில வாசனைகள் பிறக்கிறதே அதுலேர்ந்துதான். வேலை செய்யிற ஜீனைத் திரும்ப வச்சுப் பாத்தாங்க, சர்க்கரையும் கரோட்டினாய்டும் ஏறுச்சு. அசிங்கமா இருக்குன்னு கழிச்சுக் கட்டின பச்சைத் தோள், பழத்துக்கு சர்க்கரை சமைச்சுக் கொடுத்த அடுப்பு! இந்த ஒரு எழுத்துதான் மொத்தக் காரணம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. லிஸ்ட் இன்னும் இருக்கு.

அடுத்து மெஷின். இதுல ருசியை விடப் பெரிசா ஒண்ணு போச்சு.

கலிஃபோர்னியாவுல கெட்சப், பேஸ்ட், டப்பா தக்காளிக்காகப் பயிர் பண்றாங்க. அப்போ பறிச்சது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1942லேர்ந்து 1964 வரைக்கும் 'பிராசெரோ'ன்னு ஒரு அரசு ஒப்பந்தம் இருந்துச்சு, அதன்படி தற்காலிகமா வேலைக்கு வந்தவங்க நிறைய. இந்த ஆள் பலம் எப்ப வேணா நின்னு போகும்னு டேவிஸ்ல ஜாக் ஹன்னாங்கற தாவர விஞ்ஞானி முன்னாடியே யோசிச்சார். கோபி லோரன்ஸன்ங்கற இன்ஜினியர் அறுவடை மெஷினை டிசைன் பண்ணார். ஹன்னா அந்த மெஷினுக்கு ஏத்த தக்காளிய டிசைன் பண்ணார். கவனிங்க, தக்காளிக்கு ஏத்த மெஷின் மட்டும் இல்ல, மெஷினுக்கு ஏத்த தக்காளி. செடிய அடியோட வெட்டி, மேல தூக்கி, உலுக்கி, பழத்தை உதிர்க்கிற மெஷின் அது. ஒரு தடவைதான் பறிக்க முடியும். அதனால எல்லாப் பழமும் ஒரே நேரத்துல பழுக்கணும், உலுக்கினா உதிரணும், விழுந்தா உடையக் கூடாது.

அந்த ஸ்பெக்குக்கு விஎஃப்-145ங்கற ரகம் வந்துச்சு. 1963ல மெஷின்ல அறுவடையானது 2 சதவீதத்துக்கும் கம்மி. பிராசெரோ ஒப்பந்தம் முடிஞ்சது. 1968ல 95 சதவீதம். அஞ்சே வருஷம்!

மெஷினோட விலைய சின்ன விவசாயி தாங்க முடியல. 1960களோட தொடக்கத்துல அங்க சுமார் 4,000 தக்காளி விவசாயிகள் இருந்தாங்க. 1973ல சுமார் 600. 1970களோட கடைசிக்குள்ள ஏறக்குறைய 32,000 பேருக்கு வேலை போனதா மதிப்பீடு. ஜிம் ஹைடவர் 1972ல 'கடினத் தக்காளி, கடின காலம்'ங்கற பொருள்ல தலைப்பு வச்சு ஒரு அறிக்கை வெளியிட்டார். பொதுமக்கள் பணத்துல நடக்கிற விவசாயப் பல்கலைக்கழகங்கள் யாருக்காக ஆராய்ச்சி பண்ணுதுங்கறதுதான் அவர் கேள்வி. 1979ல பல்கலைக்கழகத்து மேல வழக்கே போட்டாங்க. பத்து வருஷம் இழுத்து, மேல்முறையீட்டுல பல்கலைக்கழகம் ஜெயிச்சது.

இங்க ஒரு சின்ன திருத்தம். இணையத்துல பல பேர் இந்த மெஷின் தக்காளியத்தான் சூப்பர் மார்க்கெட் தக்காளின்னு காட்டுவாங்க. இல்ல. இது டப்பாவுக்கும் கெட்சப்புக்கும் போறது, செடியிலேயே பழுத்துத்தான் போகும். சொல்லப்போனா, ஒரு சாதாரண டப்பா தக்காளி குளிர்கால சூப்பர் மார்க்கெட் தக்காளிய விட ருசியா இருக்க இதுவும் ஒரு காரணம். அப்படியே கடிச்சுத் திங்கிற தக்காளியோட கதை வேற, அது ஃப்ளோரிடா கதை.

குளிர்காலத்துல அமெரிக்காவுக்குப் பெரிய அளவுல தக்காளி அனுப்புற மாநிலம் ஃப்ளோரிடா. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் லாரியில போகணும். பழமாப் பறிச்சா போய்ச் சேரும்போது சட்னிதான். அதனால பச்சைக் காயாவே, கல்லு மாதிரி இருக்கும்போதே பறிச்சு, அறையில அடுக்கி, எத்திலீன் வாயு விடுவாங்க. நாலஞ்சு நாள்ல நிறம் ஏறும்.

எத்திலீன்னதும் நம்ம ஊர்ல "கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறது" ஞாபகம் வரும். ரெண்டும் ஒண்ணு இல்ல. கல்லுங்கறது கால்சியம் கார்பைடு, அதுலேர்ந்து அசிட்டிலீன் வரும், கூட நச்சுக் கலப்பும் வரும். அதனால நம்ம நாட்டுல பழத்துக்கு அது தடை. எத்திலீன் பழமே தனக்காக உண்டாக்கிக்கிற வாயு. அளவோட பயன்படுத்த இங்கயும் அனுமதி இருக்கு.

அப்போ பிரச்சனை என்ன? மாங்காயையும் வாழைக்காயையும் பறிச்சப்புறம் பழுக்க வச்சா, உள்ள சேத்து வச்ச மாவுச்சத்து சர்க்கரையா மாறும். தக்காளியில அப்படிப்பட்ட சேமிப்பு ரொம்பக் கம்மி. காம்பை விட்டுப் பிரிஞ்ச அன்னிக்கு செடியிலிருந்து வர்ற சர்க்கரை நின்னுபோச்சு. எத்திலீன் நிறத்தைக் கொடுக்கும், மெதுவாக்கும். ஆனா உள்ள வராத சர்க்கரையை அது கொண்டுவர முடியாது. பேங்க் பேலன்ஸ் இல்லாம ஏடிஎம் கார்டு தேய்க்கிற மாதிரி.

அதுக்கு மேல குளிர். 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. பழுத்த தக்காளிய 5 டிகிரியில ஒரு வாரம் வச்சு, அப்புறம் வெளிய எடுத்து சாதாரண வெப்பத்துலயும் வச்சுப் பாத்தாங்க. சர்க்கரை, புளிப்பு பெரிசா மாறல. வாசனைப் பொருட்கள் மட்டும் கடுமையா விழுந்துருச்சு, வெளிய எடுத்தப்புறமும் முழுசா மீளல. வாசனையை உண்டாக்குற ஜீன்கள்ல சிலதைக் குளிர் அணைச்சிடுது. வீட்டுல வாரக்கணக்குல ஃப்ரிட்ஜ்ல தக்காளி வைக்கிறவங்க நோட் பண்ணிக்குங்க.

ஃப்ளோரிடாவுல நடந்த இன்னொரு கூத்து. அங்க தக்காளி மாநிலத்தை விட்டு வெளிய போகணும்னா அளவு, வடிவம் எல்லாத்துக்கும் விதி உண்டு, அதைப் பாத்துக்க தக்காளிக் குழு ஒண்ணு இருக்கு. 'அக்லிரைப்'னு ஒரு ரகம் வந்துச்சு. மடிப்பு மடிப்பா, கோணலா இருக்கும். பேரே 'அசிங்கமான பழம்'ங்கற மாதிரிதான். ருசிக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தாங்க. வடிவம் விதிக்குள்ள வரலைன்னு குழு அதுக்கு விலக்கு தர மறுத்துச்சு. 2007ல மத்திய விவசாயத் துறை தலையிட்டு விலக்கு கொடுத்தப்புறம்தான் தடை நீங்குச்சு. விதிப் புத்தகத்துல உருண்டைக்கு இடம் இருந்துச்சு, ருசிக்கு ஒரு வரிகூட இல்ல.

இதையெல்லாம் டெக்னாலஜியால சரி பண்ணிடலாம்னு ஒரு கம்பெனி இறங்குச்சு. டேவிஸ்ல இருந்த கால்ஜீன். பழத்தை மெதுவாக்குற ஒரு என்சைமோட ஜீனை அடக்கினா, பழம் செடியிலேயே கூடுதல் நாள் இருக்கலாம், அப்புறமும் லாரி தாங்கும். ஐடியா பிரமாதம். 1994 மே மாசம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துச்சு, கடைக்கு வந்த முதல் மரபணு மாற்றிய முழு உணவு அதுதான், பேரு 'ஃப்ளேவர் சேவர்'. மூணு வருஷத்துல கடையை விட்டே போயிடுச்சு. எதிர்ப்பாலதான் போச்சுன்னு பலர் சொல்றாங்க, அது முழு உண்மை இல்ல. வாங்க ஆள் இருந்தாங்க. ஆனா விளைச்சல் போதல, பழம் நினைச்ச அளவுக்கு உறுதியா இல்ல, பேக் பண்ணி அனுப்புற செலவு எகிறுச்சு. எல்லாத்துக்கும் மேல, அவங்க எடுத்துக்கிட்ட அடிப்படை ரகமே ருசியில பெரிய ஆள் இல்ல. இல்லாத ருசிய எங்கேர்ந்து சேவ் பண்றது? ஜீன் தெரிஞ்ச அளவுக்கு அவங்களுக்குத் தக்காளி வியாபாரம் தெரியல.

சரி, ருசின்னா என்னன்னு முதல்ல அளப்போம்னு உக்காந்தவர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோட ஹாரி கிளீ. கூட லிண்டா பார்டோஷுக்ங்கற சுவை விஞ்ஞானி. நூத்துக்கும் மேற்பட்ட தக்காளி மாதிரிகளை ஜனங்களுக்குக் கொடுத்து மார்க் போடச் சொல்லிட்டு, அதே பழங்களை லேப்லயும் அளந்தாங்க.

ஒரு முடிவு அசத்தல். 'எல்லோ ஜெல்லி பீன்'னு ஒரு ரகம், 'மட்டினா'ன்னு ஒரு பழைய ரகம். சர்க்கரை மட்டினாவுலதான் கம்மி. ஆனா ஜனங்க அதைத்தான் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இனிப்புன்னு சொன்னாங்க. ஏன்னா வாசனை. சில வாசனை மூலக்கூறுகள் மூக்கு வழியாப் போய் மூளைகிட்ட "இது இனிப்பு"ன்னு சொல்லிடுது. பாட்டி சொன்ன "மணக்கும்"ங்கற வார்த்தைதான் சரியான டெக்னிக்கல் வார்த்தைன்னு வச்சுக்குங்களேன்.

2017ல கிளீயும் சீன ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 398 ரகங்களோட மரபணுவை வாசிச்சு வெளியிட்டாங்க. நவீன வணிக ரகங்கள்ல 13 வாசனைப் பொருட்கள் கணிசமாக் குறைஞ்சிருக்கு. நான் தொடக்கத்துல சொன்ன லிஸ்ட் இதான். பழம் பெரிசாகப் பெரிசாக சர்க்கரை நீர்த்துப்போறதும் அதுல தெரிஞ்சது. சர்க்கரையத் திரும்பக் கொண்டுவரணும்னா சைஸையோ விளைச்சலையோ விட்டுக்கொடுக்கணும். ஆனா வாசனைப் பொருட்கள் நூறு கோடியில சில பங்குங்கற மாதிரித் துளி அளவுல இருக்கிறவை, அதைத் திரும்ப வைக்க செடிக்குப் பெரிசா செலவே இல்ல. 2019ல 725 ரகங்களை வச்சு இன்னொரு ஆய்வு. வாசனைக்கு உதவுற ஒரு ஜீனோட ஒரு வடிவம் காட்டுத் தக்காளியில 91 சதவீதத்துல இருக்கு. மனுஷன் வளர்த்த பழைய ரகங்கள்ல வெறும் 2 சதவீதம் சொச்சம். அதாவது சூப்பர் மார்க்கெட்டுக்கும் லாரிக்கும் ரொம்ப முன்னாடியே, நம்ம முன்னோர் விவசாயிகளே பெரிய பழத்தைப் பொறுக்கினப்போ இதைத் தெரியாமத் தொலைச்சிருக்காங்க. 'அந்தக் காலம்'னா எந்தக் காலம்னு கேக்க வைக்குது இல்ல?

இப்ப கோயம்பேடு. சென்னைக்கு வர்ற தக்காளியில பெரும்பங்கு ஆந்திராவோட மதனப்பள்ளி, கர்நாடகாவோட கோலார் பக்கமிருந்து வருது. விலைப் பட்டியல்ல 'நாட்டுத் தக்காளி', 'நவீன் தக்காளி'ன்னு தனித்தனியாவே போடுவாங்க. நவீன்ங்கறது கெட்டித் தோல் ஹைப்ரிட். பெட்டியில அடுக்கினா அடியில இருக்கிறது நசுங்காது, நாலு நாள் தாங்கும். நாட்டு, புளிப்பும் சாறும் ஜாஸ்தி, தோல் மெல்லிசு, சீக்கிரம் உடையும். நாட்டுன்னு சொன்னாலும் அதுவும் ஏதோ ஆதிகாலத்துச் செடி இல்ல. நம்ம வேளாண் பல்கலைக்கழகம் பெரியகுளத்துல உருவாக்கின பிகேஎம்-1 ரகம், அண்ணஞ்சிங்கற உள்ளூர் ரகத்துல திரிபை உண்டாக்கி எடுத்தது.

கெட்டித் தக்காளிய நான் திட்டமாட்டேன். 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில 60 ரூபாய்க்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கா? வேற சில மாசத்துல பறிகூலிகூடக் கட்டாம விவசாயி ரோட்டுல கொட்டுற நியூஸும் வரும். ரெண்டு நாள்ல அழுகுற பழத்தை வச்சுக்கிட்டு விவசாயியால மண்டியில பேரம் பேச முடியாது. நாலு நாள் தாங்குற பழம் அவர் கையில கொஞ்சம் நேரத்தைக் கொடுக்குது. ருசி போச்சுன்னு ஏசி ரூம்ல மைக் முன்னாடி உக்காந்து நான் புலம்புறது சுலபம். நசுங்கின பெட்டியோட நஷ்டம் அவரோடது.

ஆனா மண்டியில தக்காளிக்கு எடை போடுறாங்க, நிறம் பாக்குறாங்க, அழுத்திப் பாக்குறாங்க. யாராவது கடிச்சுப் பாத்து ரேட் சொல்றாங்களா? விவசாயிக்கு எடைக்குத்தான் காசு, ருசிக்கு இல்லன்னு கிளீயும் பல தடவை சொல்லியிருக்கார். கெட்டித் தோலும் வாசனையும் ஒரே பழத்துல இருக்க முடியாதுன்னு இயற்கை விதி எதுவும் இல்ல. அதை அவரே செஞ்சும் காட்டினார். பழைய ருசி ரகம் ஒண்ணையும் வணிக ரகம் ஒண்ணையும் ஒட்டுச் சேர்த்து 'கார்டன் ஜெம்'னு ஒரு ஹைப்ரிட். ருசி இருக்கு, விளைச்சல் இருக்கு, லாரியும் தாங்கும். பெரிய பண்ணைக்காரங்க வேணாம்னுட்டாங்க. காரணம், பழம் சின்னது. ஒரு பெட்டி நிரப்ப அதிக தடவை கை போகணும், பறிகூலி ஏறும். கடைசியா, பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுத்தவங்களுக்கு, வீட்டுத் தோட்டத்துல போட்டுக்கிடச் சொல்லி விதையா அனுப்பினாங்க.

உங்க வீட்டு மொட்டை மாடியில தக்காளி போட்டிருந்தீங்கன்னா, எந்த ரகம், ரசத்துக்கு ஏறுச்சா இல்லையான்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கொஞ்சம் போட்டுக் கேப்போம். பை!